வாடா மரமும் வாடும் பிளேடும்

புனே நகரின் பவானி பேட்டில் உள்ள டிம்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் வேலை. ரம்பத்தின் கீச்சு ஒரு பக்கம், மரத்தை இழைக்கும் பிளேனரின் ரீங்காரம் இன்னொரு பக்கம். அனுபவப்பட்டவர்களுக்கு இந்த இரண்டாவது சத்தம் ஒரு பாஷை. பிளேடு கூராக இருக்கும்வரை அது ஒரே சுருதியில் பாடும். மழுங்க ஆரம்பித்தால் தொண்டை கட்டிய பாடகர் மாதிரி கரகரக்கும். நடுவில் திடீரென்று 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டால் கை ஸ்விட்சுக்குப் போகும். வாயிலிருந்து வசவு வரும். மரத்துக்குள் ஆணி.

ஆணி எல்லா ஊர் மரத்திலும் உண்டு. புனேயில் அதற்குக் கொஞ்சம் விசேஷ அந்தஸ்து இருக்கிறது. காரணம், வாடாக்கள். பேஷ்வாக்கள் காலத்திலும் அதற்குப் பிறகும் கட்டப்பட்ட, நடுவில் முற்றம் வைத்த வீடுகளை இங்கே வாடா என்பார்கள். தேக்கு மரச் சட்டம்தான் இந்த வீடுகளின் எலும்புக்கூடு. தேக்குத் தூண்கள், தேக்கு உத்தரங்கள், இடையில் செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். 1732ல் கட்டி முடிக்கப்பட்ட சனிவார் வாடாவுக்கு ஜுன்னர் காடுகளிலிருந்து தேக்கும், சிஞ்ச்வடிலிருந்து கல்லும், ஜெஜுரியிலிருந்து சுண்ணாம்பும் வந்ததாகச் சொல்வார்கள். 1828 பிப்ரவரியில் அதன் உட்பகுதி பற்றி எரிந்தபோது தீ அடங்க ஏழு நாள் ஆயிற்று என்றால், உள்ளே எவ்வளவு மரம் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாவின் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மர முகப்பை இன்றும் பார்க்கலாம்.

பெயர் பெற்ற வாடாக்களை அரசாங்கமோ மாநகராட்சியோ காப்பாற்றிவிடும். பெயர் இல்லாத வாடாக்கள்தான் விழுகின்றன. 1961 ஜூலை 12ம் தேதி பான்ஷெட் அணை உடைந்தபோது முட்டா ஆற்றங்கரையில் இருந்த பழைய பேட்டைகளில் வெள்ளம் புகுந்து ஏராளமான வாடாக்களைச் சாய்த்தது. மிச்சமிருந்தவற்றில் பலவற்றை வாரிசுகளும் பில்டர்களும் சேர்ந்து, வெள்ளம் இல்லாமலேயே சாய்த்தார்கள். இடிக்கும் இடத்திலிருந்து வண்டியில் வெளியேறும் முதல் சரக்கு தேக்குதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

பழைய தேக்குக்கு இருக்கும் கிராக்கிக்குக் காரணம் பழம்பெருமை மட்டுமல்ல. நிதானமாக வளர்ந்து முதிர்ந்த காட்டு மரம் இனி சுலபத்தில் கிடைக்காது. மியான்மர் 2014ல் உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வரும் தோட்டத் தேக்கில் பெரும்பகுதி சின்ன வயதிலேயே வெட்டப்பட்டது. அதில் வயிரம் குறைவு, வெளுத்த வெளிமரம் அதிகம். நூறு, நூற்றைம்பது வருஷம் காய்ந்து நிற்கும் வாடா உத்தரம் இனிமேல் சுருங்காது, வளையாது, சுலபத்தில் செல்லரிக்காது. அதில் ஒரு சாப்பாட்டு மேஜை செய்தால் பேரன் காலம் வரை நிற்கும்.

அதற்கு முதலில் மரத்தை இழைக்க வேண்டும். தகராறு அங்கேதான் ஆரம்பம். பழைய மரம் என்றதும் கையெடுத்துக் கும்பிடும் பட்டறைகள் உண்டு. ஒப்புக்கொள்பவர்களும் பிளேடு பல்லிளித்தால் செலவு உங்களுடையது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓர் ஆணியில் அடிபட்டால் கட்டர் பிளாக்கில் உள்ள மூன்று பிளேடுகளும் பழுது. கழற்றி, சாணைக்கு அனுப்பி, திரும்ப மாட்டி, மூன்றும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்து முடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். கரன்ட்டும் வாடகையும் ஆள் கூலியும் அந்த அரை நாளுக்காகக் காத்திருக்காது. இந்தப் பயத்தினாலேயே நல்ல மரம் அடுப்புக்கும் கொதிகலனுக்கும் போவதுதான் வேதனை. பிளேடு நீண்ட நாள் உழைக்க வழி தெரிந்த பட்டறையில் அதே மரம் மேஜையாகிவிடும்.

பிளேடு எப்படி மழுங்குகிறது? மரத்தை வெட்டி வெட்டித்தான் என்று தோன்றும். பாதி உண்மைதான். சுத்தமான, மென்மையான மரத்தை மட்டும் இழைத்துக்கொண்டிருந்தால் நல்ல எஃகு பிளேடு ஆச்சரியப்படும் அளவுக்கு உழைக்கும். அதைக் கொல்வது பெரும்பாலும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்ற சமாச்சாரங்கள். மண், சிமென்ட், சுண்ணாம்பு, பெயின்ட், கோந்து, ஆணி. தேக்கின் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தேக்கு தன் உடம்புக்குள்ளேயே சிலிக்கா வைத்திருக்கிறது, எடையில் 1.4 சதவீதம் வரைகூட இருக்கலாம். மணலும் கண்ணாடியும் எந்தப் பொருளால் ஆனவையோ, அதே பொருள். தேக்கை இழைப்பது ஒரு விதத்தில் மிக மெல்லிய உப்புத்தாள்மீது கத்தியை இழுப்பது மாதிரி. அதனால்தான் தச்சர்கள் தேக்கை 'வேலைக்கு சுகம், உளிக்குக் கஷ்டம்' என்கிற ரகத்தில் வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருக்கும் சிலிக்காவை ஒன்றும் செய்ய முடியாது. வெளியே இருப்பதைச் செய்யலாம். வாடா உத்தரத்தின் இரண்டு முனைகளும் தலைமுறைகளாகச் சுவருக்குள் புதைந்து கிடந்தவை. மண்ணும் சுண்ணாம்பும் அந்த முனைகளின் துவாரங்களிலும் வெடிப்புகளிலும் இறங்கிப் போயிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பக்கமும் சில அங்குலத்தை அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் பிளேனர் பக்கமே கொண்டுபோவார்கள். தேக்கை அறுத்து எறிய மனசு வராதுதான். அந்தத் துண்டின் விலையையும் மூன்று பிளேடுகளின் சாணைக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு வரும்.

மற்ற இடங்களைக் கம்பி பிரஷால் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். எண்ணெய் பெயின்ட் அடித்த கதவு, ஜன்னல் சட்டங்கள் என்றால் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் இயந்திரம். பெயின்ட்டில் நிறம் கொடுப்பது தாதுப்பொடி. அது பிளேடுக்கு எமன். பழைய பெயின்ட்டில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால் சுரண்டுகிற ஆளின் மூக்குக்கும் ஒரு முகமூடி தேவை. வறட்டுத்தனமாகத் தேய்த்துத் தூசி கிளப்புவதைவிட ஈரப்படுத்திச் சுரண்டுவது உத்தமம்.

இனி ஆணி. ஓக் போன்ற மரங்களில் இரும்பு ஆணி இருந்தால் அதைச் சுற்றி நீலக் கறுப்பில் ஒரு கறை படியும். மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மை தயாரித்துவிடும். ஆணி எங்கே என்று மரமே காட்டிக்கொடுக்கும். தேக்கில் இந்தத் துரோகம் குறைவு. அதிலுள்ள எண்ணெய் இரும்பைத் துருப்பிடிக்க விடாது. பிரிட்டிஷ் கடற்படைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1860ல் நீரில் இறக்கப்பட்ட 'வாரியர்' என்ற இரும்புக் கவசக் கப்பலில் நாலரை அங்குல இரும்புத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலம் தேக்கு வைத்தார்கள். கப்பலுக்கு வரமான அதே குணம் புனேயில் பிளேடுக்குச் சாபம். கொல்லன் அடித்த பழைய ஆணி, தலை முறிந்து, மேலே மரம் மூடி, ஒரு கறைகூடக் காட்டாமல் உள்ளே திடகாத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

அதைவிட மோசம், பின்னால் வந்த குட்டி ஆணிகள். வாடாக்களுக்கு மின்சாரம் வந்தபோது சுவரிலும் உத்தரத்திலும் மரப்பட்டை அடித்து, அதன்மேல் தகரக் கிளிப் போட்டு ஒயர் இழுத்தார்கள். அந்தக் கால வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் அந்தக் கிளிப் வரிசை ஞாபகமிருக்கும். ஒயரைப் பிடுங்கி எடைக்குப் போட்டவர்கள் அரை அங்குல ஆணிகளை விட்டுவிட்டார்கள். பிறகு காலண்டர் ஆணி, சாமி பட ஆணி, கொசுவலை ஆணி. ஒரு குடும்பத்தின் சரித்திரமே உத்தரத்தில் அடிக்கப்பட்டிருக்கும்.

கண்ணை மட்டும் நம்பினால் தோல்விதான். வலுவான காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, மரத்தை ஒட்டினாற்போல் நகர்த்திக்கொண்டே போனால், இரும்பு இருக்கும் இடத்தில் அது தலையாட்டும். காந்தத்துக்குப் பித்தளை தெரியாது; பழைய கதவுகளில் பித்தளைத் திருகாணியும் குமிழும் சகஜம். சினிமா தியேட்டர் வாசலில் சட்டைப் பையைத் தடவுவார்களே, அந்த ரகக் கைக்கருவி இதற்குச் சரி. மரவேலைக்கென்றே சின்னதாக வருவதும் உண்டு. ஒரு பக்கம் தடவினால் போதாது. நாலு பக்கமும் தடவ வேண்டும், ஆணியைப் பிடுங்கிய பிறகும் ஒரு தடவை. பிடுங்கும்போது பாதி முறிந்து உள்ளே தங்குவதுதான் வழக்கம். முதல் சுற்று இழைத்ததும் இன்னொரு முறை தடவுகிறவர்கள் புத்திசாலிகள். 2 மில்லிமீட்டர் குறைந்ததும் கருவிக்கு எட்டாமல் இருந்தது எட்டிவிடும்.

இவ்வளவு செய்தும் ஓர் ஆணி தப்பிக்கும். அதனால் இரண்டு செட் பிளேடு வைத்துக்கொள்வது நல்லது. தேய்ந்து பாதி ஆயுள் முடிந்த செட், பழைய மரத்தின் அழுக்கு முகத்தை உரிக்க. புது செட், மரம் சுத்தமாகத் தெரிந்த பிறகு. கழற்றி மாட்டும் சிரமத்துக்குப் பயந்து இதைச் செய்யாதவர்கள் அதைவிட அதிகமாகக் கழற்றி மாட்டுகிறார்கள்.

அழுக்கும் ஆணியும் போனால் அடுத்த எதிரி, வேலை செய்கிறவரின் ஜாக்கிரதை. கேட்க விசித்திரமாக இருக்கும். பிளேடு பாழாகக் கூடாதே என்று மரத்தை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுகிறவர்கள்தான் பிளேடைச் சீக்கிரம் தேய்க்கிறார்கள். கணக்குப் போட்டால் தெரியும்.

மூன்று பிளேடு மாட்டிய, 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டர் பிளாக் நிமிஷத்துக்கு 4,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிஷத்தில் 13,500 வெட்டு. மரம் நிமிஷத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் உள்ளே போனால் ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.44 மில்லிமீட்டர். ஒரே தடவையில் 2 மில்லிமீட்டர் ஆழம் சீவினால் ஒவ்வொரு வெட்டிலும் பிளேடின் முனை சுமார் 14 மில்லிமீட்டர் தூரம் மரத்துக்குள் உரசிப் போகிறது. ஆக, ஒரு மீட்டர் பலகை வெளியே வருவதற்குள் ஒவ்வொரு பிளேடும் பத்து மீட்டருக்கு மேல் மரத்தில் உரசியிருக்கும். இப்போது மரத்தின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால்? அதே ஒரு மீட்டர் பலகைக்கு 21 மீட்டர் உரசல். கிடைத்த பலகை ஒன்றுதான், தேய்மானம் இரண்டு மடங்கு. வேகத்தை மாற்றாமல் 2 மில்லிமீட்டரை ஒன்று, ஒன்றாக இரண்டு தடவையில் எடுத்தாலும் மொத்த உரசல் 10லிருந்து 15 மீட்டராகிறது.

சீவல் ரொம்ப மெல்லியதாகிவிட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. முனை வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். தேய்த்தால் சூடு. சூட்டில் மரத்தின் பிசினும் எண்ணெயும் பிளேடில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் இன்னும் சூடு. இயந்திரத்திலிருந்து வெளியே விழுவது சுருளாகவும் துண்டாகவும் இருந்தால் பிளேடு வெட்டுகிறது. மாவு மாதிரி விழுந்தால் அரைக்கிறது. தரையைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். இதற்காகக் கண்மூடித்தனமாக வேகமாகத் தள்ளவும் கூடாது. வேகம் ஏற ஏறப் பலகையில் அலையலையாகக் கோடு விழும். முதல் சுற்றுகளில் தைரியம், கடைசிச் சுற்றில் மட்டும் நிதானம் என்பதுதான் கணக்கு. அழுக்கு மரத்தின் முதல் சுற்றில் ஆழம் போதாவிட்டால் பிளேடு முழுக்க முழுக்க அழுக்குப் படலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

பலகையை எந்த இடத்தில் நுழைப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. 12 அங்குல இயந்திரத்தில் 4 அங்குலப் பலகையை எப்போதும் நட்டநடுவில் விட்டால் பிளேடின் நடு மூன்றில் ஒரு பங்குதான் உழைக்கும். அது மழுங்கியதும் மூன்று பங்கையும் சாணைக்கு அனுப்ப வேண்டும். இடது, நடு, வலது என்று மாற்றி மாற்றி விட்டால் செலவில்லாமல் ஆயுள் கூடுகிறது. மனித சுபாவம் நடுவைத்தான் தேடும்.

பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இவற்றைப் பிளேனரில் விடவே கூடாது. அவற்றில் மரத்தோடு இறுகிப்போன பசை எஃகு முனையைத் தின்றுவிடும். ஓரத்தைக் கொஞ்சம் சரிசெய்யத்தான் என்று கையில் பிடிக்கும் மின்சார பிளேனரை பிளைவுட் விளிம்பில் ஓட்டுவது இன்று எல்லா ஊரிலும் நடக்கிறது. பிறகு அந்த பிளேடு இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும், பிளைவுட்டின் கனத்துக்குச் சரியாக ஒரு மேடு கோடாக நிற்கும்.

கைப் பிளேனர்கள் வந்த பிறகு தச்சர்களின் உலகமே மாறிவிட்டது. ஜப்பானின் மகிதா கம்பெனி 1958ல் மின்சாரக் கைப் பிளேனரை விற்கத் தொடங்கியது. இன்று ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் புனேக்கு வந்து ஃப்ளாட் ஃப்ளாட்டாக வேலை செய்யும் தச்சர்களின் மூட்டையில் இது இல்லாமல் இருக்காது. இந்தி பேசுகிறவர்களுக்கு ரந்தா, மராத்திக்காரர்களுக்கு ரந்தா, தமிழர்களுக்கு இழைப்புளி. பெயர்தான் வேறு; மின்சாரத்தில் ஓடினாலும் மழுங்குவதில் பேதமில்லை. நிமிஷத்துக்கு 16,000 சுற்று சுற்றும் இந்தக் கருவிகளின் 82 மில்லிமீட்டர் பிளேடுகளில் பல, இரண்டு பக்கமும் கூர் உள்ளவை. ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சாணை பிடிப்பதற்காக அல்ல, தீர்ந்ததும் தூக்கி எறிவதற்காகச் செய்தவை.

எந்த பிளேடு வாங்குவது என்று கடையில் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். பழைய கார்பன் எஃகு, ஹை ஸ்பீட் எஃகு, 'விடியா'. கார்பன் எஃகு அருமையாகக் கூர் பிடிக்கும். 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் பதம் இறங்க ஆரம்பிக்கும். அமெரிக்காவின் பெத்லஹெம் ஸ்டீல் ஆலையில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்சல் ஒயிட்டும் செய்த சோதனைகளின் பலனாக வந்தது ஹை ஸ்பீட் எஃகு. 1900ம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் கருவியின் முனை சிவக்கச் சிவக்க இரும்பைக் கடைந்து காட்டியபோது வேடிக்கை பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 500 டிகிரியைத் தாண்டியும் அதன் பதம் தாங்கும். மூன்றாவதான டங்ஸ்டன் கார்பைடு 1920களில் ஜெர்மனியில் பிறந்தது. குரூப் கம்பெனி அதற்கு வைத்த பெயர் விடியா. ஜெர்மன் மொழியில் 'வைரம் போல' என்பதன் சுருக்கம். கம்பெனிப் பெயரே பொருளின் பெயராகி, இன்று கோயமுத்தூர் பட்டறையிலும் அது விடியாதான்.

வைரம் போல என்றால் உடனே அதையே வாங்கிவிடத் தோன்றும். சுத்தமான தேக்குக்கு அது சரி. சிலிக்காவை எதிர்த்து எஃகைவிடப் பல மடங்கு நின்று பிடிக்கும். ஆனால் வைரம் போலவே அடிபட்டால் தெறிக்கும். ஆணியில் பட்டால் எஃகில் பள்ளம் விழும், சாணையில் சரிசெய்யலாம். கார்பைடில் சில்லு போகும். அதைச் சரிசெய்ய வைரச் சாணை வேண்டும், எல்லா ஊரிலும் கிடைக்காது. வாடா மரத்துக்கு ஹை ஸ்பீட் எஃகு என்று புனேக்காரர்கள் பிடிவாதமாக இருந்தால் அது கஞ்சத்தனமல்ல.

ஆணி பட்டுப் பள்ளம் விழுந்த எஃகு பிளேடை உடனே சாணைக்கு அனுப்ப வேண்டுமென்றும் இல்லை. மூன்று பிளேடிலும் ஒரே இடத்தில் பள்ளம் விழுந்திருப்பதால்தான் பலகையில் கோடு மேடாக நிற்கிறது. ஒரு பிளேடை மட்டும் தளர்த்தி, பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்கினால் ஒன்றின் பள்ளத்தை மற்றது வெட்டிவிடும். பலகை சுத்தமாக வரும். பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த இந்த வித்தை பல இடங்களில் அடுத்த தலைமுறைக்கு வந்து சேரவில்லை. மழுங்கல் வேறு, பள்ளம் வேறு; இந்த வித்தை பள்ளத்துக்கு மட்டும்தான்.

மழுங்கலுக்குக் கல்தான் மருந்து. பிளேடின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நல்ல கூர் கண்ணுக்குத் தெரியாது. ஒளியைத் திருப்ப அங்கே எதுவும் இல்லை. மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் முனை உருண்டுவிட்டது என்று அர்த்தம். கோடு தெரிய ஆரம்பித்த அன்றே எண்ணெய்க் கல்லால் ஐந்தாறு தடவை தீட்டினால் போதும். இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கட்டர் பிளாக்கை அசையாமல் கட்டைவைத்து இறுக்கி, கழற்றாமலேயே தீட்டிவிடலாம். சரிவுப் பக்கம் தீட்டிவிட்டு மறுபக்கம் பிசிறை எடுக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று தள்ளிப் போட்டால் முனை மேலும் உருளும். பிறகு சாணையில் கால் மில்லிமீட்டர் எஃகை இழந்தால்தான் பழைய கூர் திரும்பும். பிளேடின் ஆயுள் மரத்தில் கழிவதைவிட சாணைச் சக்கரத்தில் கழிவது அதிகம்.

தீட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் முனைக்குப் பின்னால் தட்டையான ஒரு பட்டை அகலமாகிக்கொண்டு வரும். அது ஒரு மில்லிமீட்டரை நெருங்கும்போது மரத்தை வெட்டாமல் குத்தும். அப்போது சாணை கட்டாயம். சாணைக்காரர் அவசரப்பட்டு அழுத்தினால் முனை நீலமாகும். கார்பன் எஃகில் நீலம் என்றால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. ஹை ஸ்பீட் எஃகு சூட்டைப் பொறுக்கும். சூடாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், அடுத்த வாரம் அங்கே உதிரும். மெல்ல, மெல்லச் சுற்றுகளில் பிடிப்பதுதான் முறை. மூன்று பிளேடையும் ஒன்றாகக் கொடுத்து ஒன்றாக வாங்க வேண்டும்; எடை வித்தியாசப்பட்டால் கட்டர் பிளாக் அதிரும், அதிர்ந்தால் பேரிங் போகும்.

பிசின் ஒட்டிய பிளேடு பார்க்க மழுங்கியது போலவே நடந்துகொள்ளும். பாதிப் பேர் அதைத் துடைக்காமல் சாணைக்கு அனுப்பிவிடுகிறார்கள். டர்பன்டைனில் நனைத்த துணியோ, சோப்பு கலந்த வெந்நீரோ போதும். கத்தியால் சுரண்டுவது கூடாது. துடைத்ததும் ஈரம் போகக் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும். ஜூன் மாதம் புனேயில் மழை பிடித்துக்கொண்டால் செப்டம்பர் வரை விடாது. எண்ணெய் இல்லாமல் கிடந்த பிளேடின் முனையில் முதலில் துரு ஏறுவது எங்கே என்றால், எஃகு மிக மெல்லியதாக இருக்கும் கூரில்தான். ஓடாமலேயே மழுங்கும் ரகசியம் இது.

மழுங்கிய பிளேடால் போவது பணம் மட்டுமாக இருந்தால் பரவாயில்லை. கையால் பலகையைத் தள்ளும் பிளேனரில் கூரான பிளேடு மரத்தை அமைதியாக வாங்கிக்கொள்ளும். மழுங்கியது உதைக்கும். உதைப்பதை அடக்க ஆள் கையை அழுத்துவார். பலகை சட்டென்று பின்னால் துள்ளினால், அழுத்திய கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரப்பட்டறைகளில் விரல் நுனி இல்லாத மூத்த தொழிலாளியைப் பார்ப்பது அபூர்வமல்ல. தள்ளுகட்டையும் பிளேடை மறைக்கும் காப்பும் இருந்தும் அவற்றைக் கழற்றி மூலையில் போடுவது நம் ஊர் வழக்கம்.

சனிவார் வாடா எரிந்த அதே 1828ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்ற தச்சர் இழைப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதை நீட்டித்து நீட்டித்து 1856 வரை அங்குள்ள பலகை வியாபாரத்தையே அந்த உரிமையை வைத்திருந்தவர்கள் ஆட்டிப்படைத்தார்கள். பேஷ்வாக்களின் தச்சர்களுக்கு இதெல்லாம் தெரியாது. வாய்ச்சியும் உளியும் கை இழைப்புளியும்தான் அவர்கள் ஆயுதம். வாடா உத்தரத்தின் மறைவான பக்கங்களில் வாய்ச்சி கொத்திய தடம் இன்னும் இருக்கும். சில வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் இழைக்க வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள் என்கிறார்கள். பிளேடுக்கு அது போனஸ்.

எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாலும் பிளேடுக்கு ஓர் எல்லை உண்டு. சாணை பிடிக்கப் பிடிக்க அகலம் குறைந்து, கட்டர் பிளாக்கின் ஸ்குருக்கள் இறுக்கிப் பிடிக்கப் போதுமான உடம்பு இல்லாமல் போகும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே போனதை மாட்டினால் அது நிமிஷத்துக்கு 4,500 சுற்றில் கழன்று பறக்கக்கூடும். ஸ்குருக்களும் பிளேடோடு சேர்ந்து கிழடாகின்றன. மரை தேய்ந்ததை மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றுவது பாதி வேலை. ஓய்வு பெற்ற ஹை ஸ்பீட் பிளேடை யாரும் எடைக்குப் போடுவதில்லை. துண்டாக அறுத்து, ஒரு முனையைச் சாய்வாகச் சாணை பிடித்து, மறுமுனையில் துணி சுற்றினால் பலகையில் கோடு கிழிக்கும் கத்தி தயார்.